உங்களுக்குத் தெரியுமா? – தேடியும் சிக்காத திருத்தணி

செல்போனில் வேதாகமம், செல்போனில் தேவாரம், செல்போனில் திருப்புகழ். எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஒரு சொல்லைத் தட்டி 'எங்கே வருகிறது?' என்று கேட்டால், பாதி நேரம் 'முடிவுகள் ஏதுமில்லை' என்று கையை விரிக்கிறது. அந்தச் சொல்லோ கண்ணெதிரே அதே பக்கத்தில் இருக்கும்! ஏன் இப்படி என்று கிளறினால் சுவையான சங்கதிகள் நிறைய வருகின்றன. உதாரணத்துக்கு வெளியூர் எதற்கு? ஆந்திர எல்லையோரத்துத் திருத்தணியையே எடுத்துக்கொள்வோம்.

● 'திருத்தணி' நமக்கு ஐந்து எழுத்து: தி, ரு, த், த, ணி. கணினிக்கு ஒன்பது! யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறியீட்டில் 'தி' என்பது 'த' ஒன்று, அதன் மேல் ஏறும் சுழி ஒன்று. 'த்' என்பது 'த' ஒன்று, புள்ளி ஒன்று. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. யூனிகோடு 'த' போன்றவற்றை எழுத்து என்ற இனத்தில் சேர்த்தது. சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் 'ஒட்டுக்குறி' என்று வேறு இனத்தில் வைத்தது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பழைய தேடல் நிரல்களில் ஒரு விதி உண்டு: எழுத்து அல்லாத ஏதாவது வந்தால் சொல் முடிந்தது என்று வெட்டிவிடு. அந்தக் கத்தியின் கீழ் திருத்தணி எப்படி ஆகும் தெரியுமா? த, ர, த, தண. நான்கு துண்டு. தேடலுக்கான சொல் அட்டவணையில் ஏறுவது இந்த நான்குதான். ஊர்ப்பெயர் அதில் எங்கே இருக்கிறது? பைத்தான் மொழியோடு வரும் வழக்கமான சொல்பிரிப்பு வசதியில் இன்றைக்கும் இந்த வெட்டைப் பார்க்கலாம். கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

● கிராஸ்வயர் வேதாகமச் சங்கத்தின் 'ஸ்வோர்ட்' குடும்பத்தைச் சேர்ந்த இலவச வேதாகம மென்பொருள்கள் தேடலுக்கு 'லூசீன்' என்ற பொது இயந்திரத்தைத் துணைக்கு வைத்திருக்கின்றன. டக் கட்டிங் என்பவர் 1999இல் வெளியிட்ட இயந்திரம் அது. ஒட்டுக்குறியை வெட்டும் குணம் அதற்கும் இருந்தது. 2011இல் வந்த 3.1 பதிப்பில்தான், சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு யூனிகோடு வகுத்த விதியை அது ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம்!

● சொல் அட்டவணை கணினிக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் துறவிமடம் ஒன்றில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் லத்தீன் வேதாகமத்துக்குச் சொல் அட்டவணை போட்டார்கள். ஐந்நூறு துறவிகள் உட்கார்ந்து எழுதினார்கள் என்று சொல்வது மரபு. அப்போது வேதாகமத்தில் வசன எண்ணே கிடையாது. ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பங்காக்கி, எழுத்தால் அடையாளம் வைத்துச் சமாளித்தார்கள். வசன எண் வந்தது 1551இல், ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரரின் பதிப்பில். இந்த வகை நூலைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'ஒத்தவாக்கிய அகராதி' என்று அழகாகச் சொல்வார்கள்.

● அப்படியானால் சைவத்துக்கு ஒத்தவாக்கிய அகராதி இல்லையா? இருக்கிறது. செய்தவர் பெயரிலேயே திருத்தணி இருக்கிறது: தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883–1971).

அவருடைய தந்தை வ.த. சுப்பிரமணிய பிள்ளை நீதித்துறையில் வேலை பார்த்தவர். 1871இல் ஒரு வழக்கில் தில்லை தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைக் காட்ட, அதன் அழகில் மயங்கி, இப்படி இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறதோ என்று ஏடு தேடக் கிளம்பினார் என்று சொல்வார்கள். அருணகிரிநாதர் 16,000 பாடினார் என்பது வழக்கு. கிடைத்தவை 1,300 சொச்சம். அவையாவது கிடைத்ததற்கு முதல் நன்றி அந்தத் தந்தைக்கு.

மகன் அடுத்த வேலையைப் பார்த்தார். அருணகிரியாரின் நூல்களுக்கு உரை எழுதியதோடு நிற்கவில்லை. தேவார ஒளிநெறி, திருவாசக ஒளிநெறி, திருக்கோவையார் ஒளிநெறி என்று ஒரு வரிசையே கொண்டுவந்தார். ஒளிநெறி என்பது உரை நூல் அல்ல, பொருளட்டவணை. சிவனின் சடை பற்றிச் சம்பந்தர் எங்கெங்கே சொல்கிறார், எந்த ஊரில் எந்தப் பறவை வருகிறது, எந்த அடியார் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்பதையெல்லாம் தலைப்பு வாரியாக அகர வரிசையில் அடுக்கி, பாட்டு எண்ணைக் கொடுத்துவிடுவார். கணினி இல்லை, ஜெராக்ஸ் இல்லை. துண்டுத்தாளும் பேனாவும் பொறுமையும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கணினியிடம் 'நெருப்பு' என்று கேட்டால் 'நெருப்பு' மட்டும் தரும். செங்கல்வராய பிள்ளையிடம் போனால் தீ, தழல், அழல், எரி, கனல் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வரும். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: சைவ நூல்களில் பொருள் தேடுகிறவருக்கு இன்றுள்ள எந்தச் செயலியையும்விட ஒளிநெறிதான் பயன்படும்.

● நன்னூல் கணக்குப்படி தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42. தீ, கை, பூ, கோ எல்லாம் இந்தப் பட்டியல்தான். ஆனால் இணையதளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'மைசீக்வல்' தரவுத்தளத்தின் முழுஉரைத் தேடலில், மூன்று குறிக்குக் குறைவான சொல்லை அட்டவணையில் சேர்க்காதே என்பதுதான் தொடக்க ஏற்பாடு. ஆங்கிலத்தில் அந்த நீளத்தில் இருப்பவை பெரும்பாலும் உப்புச்சப்பில்லாத சொற்கள்; விட்டால் நட்டமில்லை. தமிழில் 'தீ' இரண்டு குறி, 'கை' இரண்டு குறி. எனவே சிவன் கையில் தீ ஏந்தி ஆடினாலும் அட்டவணையில் கையும் இல்லை, தீயும் இல்லை. முருகன் தப்பித்தான்: 'வேல்' நான்கு குறி.

● திருத்தணியின் பெரிய திருவிழா ஆடிக் கிருத்திகை. காவடிகள் மலையேறும் நாள். அந்தப் பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறோம் பாருங்கள்: ஆடிக் கிருத்திகை, ஆடிக்கிருத்திகை, ஆடி கிருத்திகை, ஆடிக் கார்த்திகை. நமக்கு நான்கும் ஒன்று. இயந்திரத்துக்கு நான்கும் வேறு.

வல்லின மெய் மிகுவதுதான் இதில் பெரிய ஆள். 'திருத்தணிக்கு வந்தான்' என்று எழுதுவோம், ஆனால் 'திருத்தணிக்குப் போனான்'. அடுத்து வரும் சொல்லைப் பார்த்து முந்தின சொல்லின் வால் மாறும் மொழி நம்முடையது. முழுச்சொல் தேடலில் 'திருத்தணிக்கு' என்று கேட்டால் வந்தவன் கிடைப்பான், போனவன் கிடைக்கமாட்டான்.

● செய்யுள் இன்னும் கஷ்டம். திருப்புகழில் சந்தத்துக்காகச் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து ஓடும். இடைவெளி விழுவது சந்தம் உடையும் இடத்தில், சொல் உடையும் இடத்தில் அல்ல. அதனால்தான் நல்ல இணையப் பதிப்புகளில் மூலப்பாட்டு ஒரு பக்கம், பதம் பிரித்த வடிவம் ஒரு பக்கம் என்று இரண்டும் கொடுக்கிறார்கள். தேடல் நடக்கவேண்டியது இரண்டாவதில், காட்டவேண்டியது முதலாவதை.

● மரம், மரத்தை. வீடு, வீட்டை. ஆறு, ஆற்றில். வேர்ச்சொல்லைக் கண்டுபிடித்து இவை போன்றவற்றை ஒன்றாகக் கட்டும் நிரல் ஆங்கிலத்துக்கு 1980லேயே வந்துவிட்டது. மார்ட்டின் போர்ட்டர் எழுதியது. அதே போர்ட்டர் தொடங்கிய 'ஸ்னோபால்' தொகுப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது 2019இல், இரண்டாம் பதிப்பில்.

● 'கொ' என்று ஒரே மாதிரி தெரியும் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு 'ொ' என்ற ஒற்றைக் குறியைச் சேர்ப்பது ஒரு வழி. ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியைத் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு வழி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனாலும் அட்டவணை போடுவதற்கு முன் நிரலர் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர மறந்தால், 'கொடி' என்று தேடுகிறவருக்குச் சேவற்கொடி கிடைக்காது.

இது மறதிக் கோளாறு, சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஔவையார் விவகாரம். 'ஔ' என்று ஓர் எழுத்தாக அடிக்காமல், 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்று என்று சொல்ல யூனிகோடில் விதி இல்லை. கணினியைப் பொறுத்தவரை 'ஒளவை' வேறு பாட்டி.

● 'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. 2005இல் யூனிகோடின் 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்தது. அதற்குமுன் 'ஸ'வை வைத்தே 'ஸ்ரீ' எழுதினோம். இப்போது சில விசைப்பலகைகள் 'ஶ'வை வைத்து எழுதுகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே உருவம். முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை திருத்தணி சன்னதியில் பிறந்தது என்பது இசை உலகில் வழங்கும் வரலாறு. அந்தக் கீர்த்தனை தொடங்குவதே 'ஸ்ரீ'யில். கிடைக்கிறதா இல்லையா என்பது பதிவேற்றியவர் எந்த ஸ்ரீயைத் தட்டினார் என்பதைப் பொறுத்தது.

● அகர வரிசையும் கணினிக்குத் தானாக வராது. யூனிகோடு தமிழ்க் கட்டத்தில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற', 'ள'வுக்கு அடுத்து 'ழ'. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட பழைய அரசுத் தரத்தைப் பார்த்து அடுக்கியதன் பலன். அந்த வரிசையில் விட்டால் 'அப்பம்' வருமுன் 'அன்பு' வந்துவிடும்; 'ஆலயம்' வருமுன் 'ஆறுமுகம்' வந்துவிடுவார். புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்பதால் 'பகல்', 'பகை' எல்லாம் போனபிறகுதான் 'பக்தி'. தமிழுக்கென்று தனி வரிசை விதியைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். சொல்லிக்கொடுக்காத செயலிகள் இன்றும் உண்டு; பாடல் முதற்குறிப்பு அகராதியைத் திறந்த உடனே தெரிந்துவிடும். சிதம்பர ரேவண சித்தர் 1594இலேயே 'அகராதி நிகண்டு' செய்து கொடுத்த மொழி இது என்று அவர்களிடம் யார் சொல்வது!

● பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் ஒரு காலத்தில் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்தக் கோப்புகளில் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி. பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பிடிஎஃப் ஆக்கிய பழைய தலபுராணத்தில் 'முருகன்' என்று தேடி ஒன்றும் வரவில்லையா? எழுத்துருதான் காரணமாக இருக்கும். 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010இல் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. அதற்குள் அடித்துக் குவித்த பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன.

● 1978 எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை எல்லாம் உருவம் மாறியது நினைவிருக்கும். அதனால் தேடலுக்குத் தொல்லை இல்லை என்பது ஆறுதல். பழைய உருவமும் புதிய உருவமும் ஒரே குறியீடுதான். முகம் மட்டும் எழுத்துருவின் பொறுப்பு.

● 23ஆம் சங்கீதம் எது? கர்த்தர் மேய்ப்பராக வருவது என்று புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். ஆனால் வுல்காத்தா என்ற லத்தீன் மொழிபெயர்ப்பின் கணக்கில் அது 22. எபிரேய மூலத்தில் தனித்தனியாக உள்ள 9ஐயும் 10ஐயும் லத்தீன் ஒரே பாடலாக எண்ணியதால் வந்த வித்தியாசம். பல பதிப்புகளை அருகருகே காட்டும் வேதாகம மென்பொருள் இந்த எண் மாற்றத்தை உள்ளே வைத்திருக்கவேண்டும்; இல்லாவிட்டால் மேய்ப்பன் இருக்கவேண்டிய இடத்தில் வேறு பாட்டு வந்து நிற்கும்.

திருப்புகழுக்கும் இதே கதை. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். தில்லியில் தோன்றிய திருப்புகழ் அன்பர்கள் அமைப்பினர் 503 பாடல்கள் கொண்ட தங்கள் நூலின் எண்ணைச் சொல்வார்கள். முழுத் திருப்புகழ் வைத்திருப்பவர் வேறு எண் சொல்வார். டிசம்பர் 31 அன்று திருத்தணிப் படி விழாவில், 365 படி என்று வழங்கும் அந்தப் படிகளில் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறும்போது, எண்ணைச் சொன்னால் குழப்பம், முதல் அடியைச் சொன்னால்தான் எல்லாரும் ஒன்றாகத் தொடங்க முடியும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்து நூறாண்டைக் கடந்துவிட்ட விழா.

● திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்த பள்ளிகளில் ஒன்று திருப்பதியில் இருந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இந்துத் தத்துவத்தை உலகுக்குச் சொன்னவர் வேதாகம வகுப்புகளைக் கடந்துதான் வந்தார். தேடும்போது ராதாகிருஷ்ணன், இராதாகிருஷ்ணன், ராதாகிருட்டிணன் மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் வெவ்வேறு கட்டுரைகள் வரும்.

● பழைய ஆவணங்களில் திருத்தணியைத் திருவள்ளூர் மாவட்டத்தில் தேடிப் பயனில்லை. அந்த மாவட்டமே 1997இல்தான் பிறந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அதற்குமுன் சித்தூர் மாவட்டம். இடையில் செங்கற்பட்டு. அபராஜித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டைத் தேடுகிறவர் பழைய தொகுதிகளில் சித்தூர் பக்கத்தைப் புரட்டவேண்டும்.

● 'திருத்தனி' என்று தப்பாகத் தட்டினாலும் சரியான ஊர் வருகிறதே, எப்படி? 1965இல் லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறியைச் சேர்க்க, நீக்க, மாற்றவேண்டும்? திருத்தனிக்கும் திருத்தணிக்கும் தூரம் 1. 'திருதணி' என்று ஒற்றை விட்டு எழுதினால் தூரம் 2. புள்ளியும் ஒரு குறி என்பதால். லூசீனின் இன்றைய தோராயத் தேடல் அதிகபட்சம் 2 வரை பொறுத்துக்கொள்ளும். ஆக இரண்டு பிழைக்கும் மன்னிப்பு உண்டு. 'செருத்தணி'யும் தூரம் 2 என்பதால் தற்செயலாகத் தப்பிவிடும்; 'தணிகை'க்கு இந்தக் கணக்கு உதவாது. அவை பிழையல்லவே, அதே ஊரின் வேறு பெயர்கள். யாராவது உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும்.

● அப்படி உட்கார்ந்து செய்த வேலை ஒன்று: புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2007இல் குறுந்தகடாக வெளியிட்ட 'கணினித் தேவாரம்'. வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கம், தமிழ் மூலத்துக்கு முழுச் சொல்லடைவு, எல்லாம் ஒரே தகட்டில். திருத்தணிக்குப் பக்கத்தில் காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டைப் பதிகங்களில் தேடுகிறவர்கள் 'திரு'வை விட்டுவிட்டு 'ஆலங்காடு' என்றும் பாருங்கள்.

● கடைசியாக ஒரு கைமருந்து. சொல்லின் ஒரு பகுதியைக் கொடுத்தாலும் தேடித்தரும் செயலிகள் பலவற்றில், கடைசி எழுத்தின் உயிர்க்குறியை விட்டுவிட்டுத் தட்டுங்கள். 'வீடு' வேண்டுமென்றால் 'வீட' போதும். வீடும் வரும், வீட்டையும் வரும். 'ஆற' என்று போட்டால் ஆறும் ஆற்றிலும் வரும், கூடவே ஆறுதலும் வரும். 'தணி' என்று போட்டால் திருத்தணி, செருத்தணி, தணிகை மூன்றும் வரும். தணிக்கைத் துறையும் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கோயில் பாட்டையோ சபைப் பாட்டுப் புத்தகத்தையோ இணையத்தில் ஏற்றுகிறவராக இருந்தால் இரண்டு வேலை செய்யுங்கள்: யூனிகோடில் அடியுங்கள், பதம் பிரித்த வடிவம் ஒன்றையும் கூடவே போடுங்கள்.